சாதியா முதல் ஜாலுக்பாரி வரை: பூபேன் ஹசாரிகாவின் இடங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவைத் தேடி அசாமுக்குப் போகும் நம்மூர் ரசிகர்களில் பெரும்பாலானவர்கள் கவுகாத்தியில் இறங்குகிறார்கள். ஜாலுக்பாரியில் நினைவிடத்தைப் பார்க்கிறார்கள், குளக்கரைச் சிலை முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அதோடு திரும்பிவிடுகிறார்கள். அவர் பிறந்த சாதியாவும் வளர்ந்த தேஜ்பூரும் விட்டுப்போகின்றன. சாதியாவுக்குக் கிளம்புகிறவர்களிலும் பலர் தேவையில்லாத அனுமதிக்கு அலைவார்கள், அல்லது சாயங்காலம் நாலரைக்கு இருட்டிலே பாலத்தில் போய் நிற்பார்கள். இவையெல்லாம் முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர்க்கக்கூடியவை.

ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இடங்கள் எல்லாம் பிரம்மபுத்திரா என்ற ஒரே ஆற்றையொட்டி, ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. கிழக்குக் கோடியில் சாதியா, நடுவில் தேஜ்பூர், மேற்கே கவுகாத்தி. ஆறு ஓடும் திசையிலேயே போங்கள். வெள்ளம், பந்த், வண்டி கிடைக்காமை எல்லாம் அதிகம் தொந்தரவு செய்வது கிழக்குக் கோடியில்தான். அதை முதலில் முடித்துவிட்டால், கையில் இருக்கும் உபரி நாளைப் பின்னால் சரிக்கட்டிக்கொள்ளலாம். கவுகாத்தியில் தொடங்குகிறவர்களுக்கு அந்த நாள் மிஞ்சுவதில்லை, சாதியாவைத்தான் வெட்டுகிறார்கள்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல் அசாமில் வெள்ளம் வரும். சாலை துண்டிக்கப்படும், கரைகள் இடியும், ரயில்கள் திருப்பிவிடப்படும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவருடைய பிறந்தநாள் செப்டம்பர் 8, மழைக்காலத்துக்குள் விழுகிறது. அன்றைக்குத்தான் போக வேண்டும் என்றால் கவுகாத்தியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நினைவுநாள் நவம்பர் 5. அப்போது மழை அநேகமாக விட்டிருக்கும், ஜாலுக்பாரியில் மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், பாடுவார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் அந்த நாள், தனியாக அமர வேண்டும் என்றால் ஜனவரி கடைசி. என் தேர்வு இரண்டாவதுதான்.

ஏப்ரல் நடுவில் வரும் பொகாக் பிஹு, ஜனவரி நடுவில் வரும் மாக் பிஹு ஆகிய அசாமியத் திருவிழா நாட்களில் ஊரே வீட்டுக்குப் போய்விடும். ஷேர் வண்டிகள் குறையும், ரயிலில் இடம் இருக்காது, சின்ன ஊர்களில் சாப்பாட்டுக் கடைகூட மூடியிருக்கும். ஆனால் பொகாக் பிஹுவின்போது கவுகாத்தியில் மட்டும் இருக்க முடிந்தால் அது வேறு கணக்கு. லதாசில் திடல் போன்ற இடங்களில் திறந்தவெளி மேடையில் இரவு வெகுநேரம் பாட்டு நடக்கும். பூபேன் தா (பூபேன் அண்ணன்) பாடாத பிஹு மேடை இருந்ததில்லை என்று சொல்லுகிற தலைமுறை இன்னும் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

மாதத்தைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது கடிகாரம். நாடு முழுக்க ஒரே நேரம்தான், ஆனால் சாதியாவுக்குப் போகத் தங்க வேண்டிய ஊரான தின்சுகியா நம்மைவிட வெகுதூரம் கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் அங்கே நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நாலே முக்காலுக்குக் கும்மிருட்டு. காலையில் ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிடும், ஆனால் ஆற்றங்கரையில் ஒன்பது வரை மூடுபனி நிற்கலாம். ஆகவே குளிர்காலத்தில் வெளியிடங்களைப் பார்க்கப் பயன்படும் நேரம் ஒன்பதிலிருந்து மூன்றரை வரை மட்டுமே. எல்லாத் திட்டத்தையும் இந்த ஆறரை மணி நேரத்துக்குள் போடுங்கள்.

2. ஆவணங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு அசாமுக்குள் எந்த அனுமதியும் தேவையில்லை. தோலா–சாதியா பாலத்துக்கும் தேவையில்லை, சாதியா வட்டாரத்தின் முக்கிய ஊரான சாபாகோவாவுக்கும் தேவையில்லை. இவை எல்லாம் அசாம்தான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பாலம் அருணாசலப் பிரதேசத்துக்குப் போகும் பாலம் என்று செய்திகளில் படித்துவிட்டு, அதற்கே ஐ.எல்.பி. (அருணாசலத்துக்குள் நுழைய வாங்கும் இன்னர் லைன் பெர்மிட்) வேண்டும் என்று பயந்து பலர் தின்சுகியாவோடு திரும்பிவிடுகிறார்கள்.

சாதியாவைத் தாண்டி அருணாசலத்தின் ரோயிங் பக்கம் போகிறவர்களுக்குத்தான் இன்னர் லைன் பெர்மிட் தேவை. சாந்திபூர் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். அருணாசல அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார் அல்லது வாக்காளர் அட்டை, ஒரு புகைப்படம் போதும். சுற்றுலா அனுமதிக்கான கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்து, இரண்டு பிரதி அச்சடித்துக்கொள்ளுங்கள். சாவடியில் இணையம் வராத நேரத்தில் செல்பேசியில் இருக்கும் கோப்பு திறக்காது. விண்ணப்பத்தில் எந்தச் சாவடி வழியாக நுழைகிறீர்கள் என்று கேட்கும். அதில் கவனமாக இருங்கள். தவாங் போகிறவர்களின் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்பிவிட்டால் பெர்மிட்டில் வேறு சாவடி, வேறு மாவட்டம் வந்துவிடும்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. அதுதான் இனிஷியல். ஆதாரில் "செ. முருகன்", விமானச் சீட்டில் "முருகன் செல்வராஜ்", பெர்மிட்டில் "முருகன்" மட்டும் என்று இருந்தால் வடகிழக்கில் விளக்கிச் சொல்லி மாளாது. அவர்களுக்கு இனிஷியல் வழக்கம் கிடையாது, ஆகவே இரண்டு வேறு ஆட்கள் என்றுதான் தோன்றும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாவற்றிலும் போடுங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு: இந்திய விசா இருந்தால் அசாமில் சுற்ற வேறு அனுமதி தேவையில்லை. ஆனால் அருணாசலத்துக்கு ஐ.எல்.பி. உங்களுக்குப் பொருந்தாது, பதிவு பெற்ற சுற்றுலா முகவர் மூலமாக, குறைந்தது இருவராக, பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வாங்க வேண்டும். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். "நான் இங்கேயே பிறந்தவன்" என்பது சாவடியில் எடுபடாது. பாட்டுக்காக மட்டும் போகிறீர்கள் என்றால் இந்த அனுமதிக்காகச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சாதியாவோடு திரும்புங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களை எல்லா விடுதியிலும் சேர்க்க மாட்டார்கள். தங்கும் வெளிநாட்டவர் பற்றி விடுதிக்காரர் அரசுக்குப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும், சின்ன விடுதிகளில் அந்த ஏற்பாடே இருக்காது. இணையத்தில் முன்பதிவு ஆகியிருந்தாலும் வாசலில் திருப்பி அனுப்புவார்கள். பணம் கட்டும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

3. போய்ச் சேரும் வழி

தமிழ்நாட்டிலிருந்து நேராகத் தின்சுகியா போக வண்டி இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ், எண் 22503. நாகர்கோவில், பிறகு கேரளம் சுற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், காட்பாடி வழியாக ஆந்திரம், ஒடிசா, வங்காளம் கடந்து போகிறது. முழுத் தூரம் 4,100 கிலோமீட்டருக்கு மேல், பயண நேரம் மூன்று நாளுக்கும் சற்று அதிகம். சென்னைக்குள் வராது, சென்னைக்காரர்கள் காட்பாடியில் ஏறலாம், அல்லது வாரம் ஒருமுறை தாம்பரத்திலிருந்து நியூ தின்சுகியா போகும் வண்டியைப் பிடிக்கலாம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். திறந்த அன்றே போடுங்கள். இந்த வண்டிகளில் திருப்பூர், கோவை, கேரளப் பகுதிகளில் வேலை செய்யும் வடகிழக்குத் தொழிலாளர்கள் ஊர் திரும்புவார்கள். பிஹு, துர்கா பூஜை சமயங்களில் காத்திருப்புப் பட்டியல் நகரவே நகராது. படுக்கை வகுப்புக்கு ஆயிரத்துச் சொச்சம், மூன்றடுக்கு ஏ.சி.க்கு மூவாயிரம் அளவில் ஆகும். மூன்று இரவுக்குப் படுக்கை வகுப்பு கடினம். முடிந்தால் ஏ.சி. எடுங்கள்.

வண்டி கவுகாத்தியைத் தாண்டித்தான் தின்சுகியா போகும். கவுகாத்தி வந்ததும் களைப்பில் இறங்கிவிடத் தோன்றும். இன்னும் அரை நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் நியூ தின்சுகியா. தின்சுகியா என்று இன்னொரு பழைய நிலையமும் இருக்கிறது. சீட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி தாமதமாவது சகஜம், ஆகவே இறங்கும் நாளில் வேறு எந்தத் திட்டமும் வேண்டாம்.

விமானம் என்றால் திப்ருகரின் மோகன்பாரி விமான நிலையத்துக்குச் சீட்டு எடுங்கள். சென்னையிலிருந்து கொல்கத்தாவிலோ கவுகாத்தியிலோ மாறிப் போக வேண்டியிருக்கும். மோகன்பாரியிலிருந்து தின்சுகியா ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணம். திரும்புவதற்கு கவுகாத்தியிலிருந்து எடுங்கள். போக ஓரிடம், வர ஓரிடம் என்பதுதான் இந்தப் பயணத்துக்குப் பொருந்தும்.

4. தின்சுகியாவில் தங்கி சாதியா

சாதியாவில் தங்க நினைக்காதீர்கள். விடுதி வசதி குறைவு. தின்சுகியாவில் இரண்டு இரவுக்கு அறை போட்டு, நடுவில் ஒரு முழு நாளைச் சாதியாவுக்கு வையுங்கள். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் நல்ல அறை கிடைக்கும்.

அறைக்கு வந்ததும் வரவேற்பில் இருப்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நாளைக்கு பந்த் ஏதாவது உண்டா?" என்பது. அசாமில் பந்த் என்றால் பெரும்பாலும் காலை ஐந்திலிருந்து மாலை ஐந்து வரை, சாலையில் ஒரு வண்டியும் ஓடாது. முந்தின நாள் சாயங்காலம்தான் அறிவிப்பு வரும். இதற்காகத்தான் ஒரு உபரி நாள் வைக்கச் சொன்னேன்.

தின்சுகியாவிலிருந்து மாகும், டூம்டூமா, தோலா வழியாகப் பாலத்துக்குச் சாலை. தோலா ஐம்பத்தைந்து கிலோமீட்டர் அளவில். வழியெங்கும் தேயிலைத் தோட்டம். இரண்டு விதமாகப் போகலாம்.

ஷேர் வண்டி: டாடா மேஜிக், விங்கர், சுமோ. ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள். காலை ஏழரைக்குள் போய்விட்டால் சீக்கிரம் நிரம்பும். பத்து மணிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க நேரும். ஆளுக்கு நூறு இருநூறு ரூபாய். போவது சுலபம், திரும்புவதுதான் கவலை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சாபாகோவாவிலிருந்து வண்டி குறைந்துவிடும்.

தனி வண்டி: நாள் முழுக்க மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை கேட்பார்கள். மூன்று பேர் இருந்தால் இதுவே நல்லது. பேரம் பேசும்போது "தோலா பாலம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாலத்தின் இந்தக் கரையில் நிறுத்தி "இதுதான் பாலம்" என்று காட்டிவிட்டுத் திருப்பிவிடுவார்கள், அக்கரை போக மேலே பணம் கேட்பார்கள். "பாலம் தாண்டி சாபாகோவா வரை, நடுவில் கரையில் இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும், மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும்" என்று முழுதாகச் சொல்லித் தொகை பேசுங்கள். ஹிந்தி ஓரளவு போதும்.

இப்போது முக்கியமான விஷயம். சாதியாவில் "அவர் பிறந்த வீடு" என்று எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அவர் 1926இல் பிறந்தபோது இருந்த பழைய சாதியா நகரம் இன்று இல்லை. 1950 ஆகஸ்ட் 15 அன்று வந்த பெரும் பூகம்பமும் அதைத் தொடர்ந்த வெள்ளமும் கரையரிப்பும் அந்த ஊரை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டன. காட்டுகிறேன் என்று யாராவது கூட்டிப்போனால் மரியாதையாகப் பாருங்கள், அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம். இங்கே பார்க்க வேண்டியது ஆறும் அந்தப் பாலமும்தான்.

பாலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் பூபேன் ஹசாரிகா சேது. பிரம்மபுத்திராவில் சேரும் லோகித் ஆற்றின் மேல் 9.15 கிலோமீட்டர். 2017 மே 26 அன்று திறக்கப்பட்டது. அதுவரை இந்த மக்கள் தோலா கட்டத்திலிருந்து (படகுத்துறையிலிருந்து) படகில்தான் கடந்தார்கள். இருட்டிவிட்டாலோ வெள்ளம் வந்தாலோ அதுவும் கிடையாது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ பதினான்கு நிமிடம் பிடிக்கும். ஓட்டுநரிடம் அதே வேகத்தில் போகச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் கம்பித் தடுப்பு மட்டும்தான் கண்ணில் தெரியும்.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். எல்லைப் பகுதிக்கான ராணுவ வண்டிகள் போகும் பாதை அது. ட்ரோன் எடுத்துப் போவதை மறந்துவிடுங்கள். பறக்கவிட்டால் கருவியும் போகும், அன்றைய நாளும் காவல் நிலையத்தில் போகும். படம் எடுக்க இரண்டு கரை முனைகளிலும் இடம் உண்டு. பிற்பகலில் சூரியன் மேற்கே சாய்ந்திருக்கும் என்பதால் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டுமானால் பாலத்துக்கு மேற்கே நின்று எடுங்கள்.

5. கரையில் இறங்கும்போது

பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது பாதிப் பயணம்தான். தோலா பக்கம் பழைய படகுத்துறைக்குப் போகும் கிளைப் பாதையில் இறங்கினால் தண்ணீருக்குப் பக்கத்தில் போகலாம். குளிர்காலத்தில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, நடுவில் மணல்திட்டுகள் விரிந்து கிடக்கும். அவற்றைச் சாப்பரி என்பார்கள். வானம் சுத்தமாக இருந்தால் வடக்கே பனிமலை தெரியும். அவர் பாட்டில் வரும் லூயித் இதுதான். உள்ளூர்க்காரர்கள் பிரம்மபுத்திராவை அப்படித்தான் சொல்வார்கள், வழி கேட்கும்போது அந்தச் சொல் உதவும்.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் காவிரிக் கரை போல நினைத்து ஓரத்தில் போய் நிற்காதீர்கள். இந்தக் கரை பாறையோ களிமண்ணோ அல்ல, மாவு போன்ற வண்டல். தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும், மேல்தளம் மட்டும் புல்லோடு உறுதியாகத் தெரியும். கரை சுவர் போலச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நின்றால் அது அரிப்பு நடக்கும் இடம் என்று பொருள். விளிம்புக்கு இணையாக மண்ணில் முடி போன்ற வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டு எப்போது வேண்டுமானாலும் மொத்தமாகச் சரியும். விளிம்பிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தண்ணீரைத் தொட விரும்பினால் மெல்லச் சரியும் மணல் கரையைத் தேடுங்கள். அங்கேயும் ஈரம் பளபளக்கும் சாம்பல் நிறப் பகுதியில் கால் வைக்காதீர்கள், முழங்கால் வரை இறங்கும். மாட்டுக் குளம்புத் தடம் இருக்கும் வழியே போனால் பெரும்பாலும் தரை தாங்கும்.

நீந்தவே கூடாது. குளிர்காலத்தில் அமைதியாகத் தெரிந்தாலும் இழுவை பலமாக இருக்கும்.

படகில் போக ஆசைப்படுகிறவர்கள் தின்சுகியாவுக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் குயிஜான் கட்டத்துக்கு மறுநாள் காலை போகலாம். திப்ரு–சைக்கோவா தேசியப் பூங்காவுக்கான படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பூங்காவுக்குள் போகாமல் ஆற்றில் மட்டும் இரண்டு மணி நேரம் என்று பேசினால் செலவு குறையும். உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

6. தேஜ்பூர்

சிறுவன் பூபேனை அசாமியக் கலை முன்னோடிகளான ஜோதிபிரசாத் அகர்வாலாவும் பிஷ்ணு ராபாவும் கண்டெடுத்த ஊர் இது. அம்மா சொல்லித்தந்த போர்கீத் என்ற அசாமிய பக்திப் பாடலை ஒரு பொது நிகழ்ச்சியில் பாடக் கேட்டுத்தான் அவர்கள் அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போனார்கள். 1936இல் கொல்கத்தாவில் முதல் இசைத்தட்டுப் பதிவு நடந்தபோது அவருக்குப் பத்து வயதுதான். அதனால் இந்த ஊரை விட்டுவிடாதீர்கள்.

தின்சுகியாவிலிருந்து பேருந்தில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஏறும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: தேஜ்பூர் ஆற்றுக்கு வடகரை, கவுகாத்தி போகும் பேருந்துகளோ தென்கரையில் போகின்றன. "தேஜ்பூர் போகுமா?" என்று கேட்டால் "போகும்" என்று ஏற்றிவிட்டு, காலியாபோர் முச்சந்தியில் நள்ளிரவில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கோலியா போமோரா பாலம் கடந்து தேஜ்பூர் போக அந்த நேரத்தில் வண்டி கிடைக்காது. பேருந்து தேஜ்பூர் நிலையத்துக்கு உள்ளே போகிறதா என்று கேளுங்கள், அல்லது பகல் பேருந்தில் போங்கள். பகலில் காசிரங்காவை ஒட்டியே சாலை போகும், சன்னலோரம் கிடைத்தால் காண்டாமிருகம் கண்ணில் படலாம். வெள்ளக் காலத்தில் விலங்குகள் சாலையைக் கடக்கும் என்பதால் அந்தப் பகுதியில் வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள், நேரம் கூடும்.

சாதியாவுக்குப் போகாமல் தேஜ்பூரும் கவுகாத்தியும் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வாரம் ஒருமுறை சில்காட் டவுன் வரை போகும் நாகோன் எக்ஸ்பிரஸ். சில்காட்டுக்கு நேர் எதிர்க்கரை தேஜ்பூர்தான்.

ஊருக்குள் ஒரு நாள் போதும், நடந்தே பார்க்கலாம். காலையில் அக்னிகர் குன்று, சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. மேலே ஏறினால் ஆறு முழுக்கத் தெரியும். பிறகு அவர் படித்த அரசு உயர்நிலைப் பள்ளி; பள்ளி நடக்கும் நேரத்தில் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. பாண் தியேட்டர் வாசல், சித்ரலேகா பூங்கா. ஜோதிபிரசாத் குடும்பத்தின் போக்கி வீட்டையும் பார்த்துவிடுங்கள். சாயங்காலம் ஆற்றங்கரையில் பிஷ்ணு ராபாவின் நினைவுப் பூங்காவுக்கு மூன்றரைக்குள் போய்விடுங்கள். குருவின் இடத்தில் நின்றுவிட்டு அடுத்த நாள் சீடரின் இடத்துக்குப் போவது நல்ல வரிசை.

7. கவுகாத்திக்குள்

தேஜ்பூரிலிருந்து நாலு மணி நேரம். தீகலிபுகுரி என்ற நீண்ட குளத்தின் கரையில் அவருடைய சிலை இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதே, 2009இல் மாணவர் சங்கம் வைத்தது. எதிரே அவர் இண்டர்மீடியட் படித்த காட்டன் கல்லூரி, இப்போது பல்கலைக்கழகம். காலை எட்டுக்கு முன் போனால் போக்குவரத்து இல்லாமல் நிதானமாகப் பார்க்கலாம். அங்கிருந்து ஆற்றங்கரை நடை தூரம்தான். கச்சாரி கட்டத்திலிருந்து வடகவுகாத்திக்கு ரோப்வே ஓடுகிறது. சாதியாவில் பார்த்த அதே ஆறு இங்கே எப்படி ஆகிவிட்டது என்று மேலிருந்து பாருங்கள்.

நிஜராபார் பகுதியில் அவர் வாழ்ந்த வீடு குடியிருப்புப் பகுதிக்குள் இருக்கிறது. வாசலில் கூட்டம் போடாதீர்கள், மணி அடிக்காதீர்கள்.

ஜாலுக்பாரிக்குக் கிளம்பும் முன் ஒரு கமோசா வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்புக் கரையும் சிவப்புப் பூவேலையும் கொண்ட துண்டு. மாலைக்குப் பதில் அதைச் சாத்துவதுதான் அங்கே மரியாதை. தெருவோரத்தில் ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைப்பது விசைத்தறியில் நெய்தது. அசாமில் அதை விற்கத் தடையே இருக்கிறது. கைத்தறி என்றால் இருநூறிலிருந்து நானூறு வரை ஆகும். எப்படிக் கண்டுபிடிப்பது? துணியின் நீளவாக்கில் இரண்டு ஓரங்களையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இருக்கக் குத்திவைக்கும் ஊசியின் சிறு துளைகள் சீரான இடைவெளியில் தெரியும். பூவேலையின் பின்பக்கத்தில் நூல் ஒரு பூவிலிருந்து அடுத்ததுக்குத் தாவியிருக்கும். இரண்டு பக்கமும் அச்சடித்தது போல ஒன்றாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

8. ஜாலுக்பாரி

நினைவிடத்தின் பெயர் சமன்வய தீர்த்தம். 2011 நவம்பர் 9 அன்று, லட்சக்கணக்கானவர்கள் திரண்டிருக்க, கவுகாத்திப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய இந்த இடத்தில்தான் அவருக்கு எரியூட்டினார்கள். ஊருக்கு மேற்கே, விமான நிலையம் போகும் வழியிலேயே இருக்கிறது. ஆகவே இதற்காகத் தனி நாள் ஒதுக்க வேண்டாம். கடைசி நாள் பெட்டியோடு கிளம்பி, இங்கே ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டு விமான நிலையம் போகலாம். விமானம் மாலையில் இருக்கும்படி பாருங்கள். அங்கே பெட்டி வைக்க இடம் எதிர்பார்க்காதீர்கள். வாடகைக் காரைக் காத்திருக்கச் சொல்லி, காத்திருப்புக்கும் சேர்த்துத் தொகை பேசிவிடுங்கள். ஊருக்குள்ளிருந்து பேருந்திலும் வரலாம், ஜாலுக்பாரி என்று எழுதியிருக்கும்.

ஓட்டுநரிடம் "பாடகரின் சமாதி" என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025 செப்டம்பரில் அசாமியப் பாடகர் சுபின் கார்க் மறைந்த பிறகு, சோனாபூர் பக்கம் கமர்குச்சியில் இருக்கும் அவருடைய தகன இடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் போகிறார்கள். அது நகரத்துக்குக் கிழக்கே, நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. "பூபேன் ஹசாரிகா, ஜாலுக்பாரி, யுனிவர்சிட்டி" என்று மூன்றையும் சொல்லுங்கள்.

நுழைவுக்குச் சிறு கட்டணம் இருக்கும். செருப்பைக் கழற்றச் சொல்லும் இடங்களில் கழற்றுங்கள். செல்பேசியில் பாட்டைச் சத்தமாக ஓடவிடாதீர்கள், காதொலிப்பான் கொண்டுபோங்கள். பாடத் தெரிந்தால் பாடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், கூடச் சேர்ந்துகொள்வார்கள். பேச்சில் "பூபேன் தா" என்று சொல்லுங்கள். அண்ணன் என்று சொல்லும் மரியாதை அது, அங்கே குழந்தைகளும் அப்படித்தான் சொல்கின்றன.

9. செலவும் சில்லறையும்

ரயிலில் போய் விமானத்தில் திரும்பும் ஒருவருக்குத் தோராயமான கணக்கு: போக ஏ.சி. ரயில் 3,000; திரும்ப விமானம், ஒன்றரை மாதம் முன்பே எடுத்தால் 6,000 முதல் 9,000 வரை; ஐந்து இரவு அறை 7,500; தின்சுகியா–சாதியா தனி வண்டியில் உங்கள் பங்கு, மூவராகப் போனால் 1,300; பேருந்துகள் 1,200; சாப்பாடு நாளுக்கு 500. விமானச் சீட்டு குறைந்த விலையில் கிடைத்தால் உள்ளூர் ஆட்டோ, கமோசா, படகு எல்லாம் சேர்த்து 25,000 அளவில் முடிக்கலாம். தனியாகப் போனால் வண்டிச் செலவு மட்டும் இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூறு கூடும்.

சாப்பாட்டில் அரிசிச் சோறு எங்கும் கிடைக்கும், ஆனால் கடுகெண்ணெய் வாசனை முதல் நாள் பிடிக்காமல் போகலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் "நிராமிஷ்" என்று கேளுங்கள். "மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கறி வரும்.

தோலாவுக்கு அப்பால் ஏ.டி.எம்.மை நம்பாதீர்கள். தின்சுகியாவிலேயே ஐந்தாயிரம் ரூபாய் எடுத்து, அதில் ஆயிரத்தை நூறு, ஐம்பது தாள்களாக மாற்றிக்கொள்ளுங்கள். ஷேர் வண்டிக்காரர்களிடம் ஐந்நூறுக்குச் சில்லறை இருக்காது, செல்பேசிப் பணம் அனுப்பவும் ஆற்றங்கரையில் சிக்னல் நிற்காது. கொசுவிரட்டிக் களிம்பு, கைவிளக்கு, டிசம்பர்–ஜனவரியில் நல்ல ஸ்வெட்டர் ஆகிய மூன்றையும் ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள்.